தொல்தாவரவியல்

பாறைகளில் புதைந்துள்ள இலை, மரம், விதை, மகரந்தம் முதலியவற்றின் எச்சங்களைக் கொண்டு பூர்வகாலத் தாவரங்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் ஆராயும் சாஸ்திரம்; தாவரவியலுக்கும் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கும் பொதுவாயினும், செய்முறையில் ரசாயனத்தையும் சார்ந்தது.

மகரந்தத்தின் புறவுறை அமிலங்களில் எளிதில் கரையாத இயல்புடையதாகலின், பாறைத்தூளின் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் சிலிகாவை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தாலும் கரைத்து நீக்கியபின், எஞ்சும் மகரந்தமணிகள் நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. சிலிகா ஊறிக் கல்லான மரத்தையோ, ஒளி ஊடுருவுமளவு மெல்லிய சீவலாகத் தேய்த்தால் அதன் உயிரணுச் சுவர்களும் ஆண்டு வளையங்களும் கூடப் புலப்படுவதுண்டு.

பிரெஞ்சு அறிஞர் அடால்ஃப் பிராங்னியார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்துறைக்கு அடிகோலினார். இந்தியாவில் இதனை வளர்த்தவர், கேம்பிரிட்ஜில் தொல்தாவரவியலறிஞர் சூவர்டிடம் பயின்ற பீர்பால் சாஹ்னி (1891–1949). லக்னோவில் அவர் 1946-இல் தோற்றுவித்த ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடத்துக்கு, புதைபடிவங்களைப் பதித்துச் செய்த அடிக்கல்லை 1949 ஏப்ரல் 3-இல் நேரு நாட்டினார்; ஒரு வாரத்திலேயே சாஹ்னி காலமாக, நிலையத்தின் பொறுப்பை அவர் மனைவி சாவித்திரி ஏற்று நடத்தினார்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலும் கல்மரங்கள் காணப்படுகின்றன. சாத்தனூரிலுள்ளது கிரெட்டேசியக் காலத்துக் கடற்படிவில் கிடந்தது.