கதவையே பல்லக்காக்கிக்கொள்ளச் சொன்னார்கள்

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நம் மக்கள் மதிக்கவில்லை. குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன. அப்போதும் பணியவில்லை. எனவே 1931 ஜூனில் மறுபடி கூடி, தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரான ஜே.எச்.ஹட்டன் இரு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, தங்க நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும் என்று போகிறது இரண்டாவது பட்டியல். அதன் கடைசி இரண்டும் திருமணத்தைத் தொடுபவை. கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கதவாம்! எவ்வளவு யோசித்துச் செய்த அவமானம் பாருங்கள்.

ஆனால் 'வழக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இல்லாத வழக்கத்தை யாரும் தடுப்பதில்லை. குதிரையும் மேளமும் நம் கல்யாணங்களில் இருந்தன என்பதற்கு, அவற்றை ஒழிக்க நினைத்தவர்களே சாட்சி. "நமக்கென்று கல்யாண மரபு என்ன இருக்கிறது, எல்லாம் மேல்சாதியைப் பார்த்துச் செய்ததுதானே" என்று கேட்கும் தோழர்கள் இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சடங்கைக் கழிக்கும் வழியைச் சுயமரியாதைத் திருமணம் திறந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி புரோகிதர் தேவையில்லை. மாலையோ மோதிரமோ போதும், புரிந்த மொழியில் சொல்லும் உறுதிமொழியே போதும். மிச்ச இடமெல்லாம் மணமக்களுடையது. (தலைவர்களின் இரண்டு மணி நேர உரை சட்டத்தில் எங்கும் இல்லை.) அந்த இடத்தில் அம்பேத்கர் படம் வைக்கலாம், பாட்டிகளின் குலவையைக் கேட்கலாம், அழைப்பிதழில் ஆத்தா பெயரை முதலில் போடலாம்.

பறை விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். மேடைகளில் நாம் பெருமையோடு அடிக்கிறோம். சாவு வீடுகளில் கட்டாயத்துக்கு அடித்த தலைமுறைக்கு அது வேறு நினைவு. கல்யாண வீட்டில் வேண்டாம் என்று தாத்தா சொன்னால் அதைத் தாழ்வு மனப்பான்மை என்று தள்ளிவிடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியலின மக்களின் திருமண ஊர்வலத்தைத் தடுப்பதையும், அதில் குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. பிரிவு 3(1)(இசட்ஏ). 1931இல் நமக்குத் தடையாக எழுதியதை, 84 ஆண்டு கழித்து அவர்களுக்குத் தடையாக எழுத வேண்டியிருந்திருக்கிறது. ஊர்வலத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தப் பிரிவின் நகல் ஒன்று மாப்பிள்ளைத் தோழன் சட்டைப்பையில் இருக்கட்டும்.