டிஸ்பிராக்சியா: வளர்ந்தோரிடத்து நிர்ணயம்

அங்க அசைவுகளை ஒருங்கிணைக்கும் திறன் பிள்ளைப் பிராயம் முதற்கொண்டே குன்றியிருப்பதாகிய இந்நிலை, புத்திக்குறைவோடு யாதொரு சம்பந்தமும் இல்லாததாயினும், சட்டைப் பொத்தான் மாட்டவும் கார் ஓட்டப் பழகவும் பன்மடங்கு பிரயாசைப்படுவோரைக் கவனமற்றவரென்று பள்ளியும் வீடும் ஏசி வந்தமையால், பலருக்கு நடுவயதில்தான் தெரியவருகிறது. இது பெரும் அநியாயமே.

பிரிட்டனில் நிர்ணயம் நாடுவோர் முதலில் குடும்ப வைத்தியரை அணுகுவர். ஆயினும் அரசாங்க மருத்துவ சேவையில் வளர்ந்தோருக்கான பரிசோதனை பல பிரதேசங்களில் கிடைப்பதரிது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்நிர்ணயக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, குறைபாடு இளம்பிராயத்திலேயே தோன்றியிருக்க வேண்டுமென விதிப்பதால், கையெழுத்தைக் கண்டித்த பழைய பள்ளி அறிக்கைகளும் தாயாரின் ஞாபகமும் இங்கே பிரமாணங்களாகின்றன. பக்கவாதம் முதலியவற்றால் பின்னாளில் நேர்ந்த தடுமாற்றம் இதிற் சேராது. டிஸ்பிராக்சியா அன்றாட வாழ்வை வெகுவாகப் பாதிக்குமாயின், பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பணியிடத்தில் தக்க வசதிகளைக் கோரலாம்.