எய்ட்ஸ் நினைவுப் போர்வை

எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் மக்கள் கூடித் தைத்துவரும் மாபெரும் ஒட்டுத்துணிப் போர்வை. 1987-இல் கிளீவ் ஜோன்ஸ் முயற்சியால் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஒவ்வொரு துண்டும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. இறந்தவரின் பெயரோடு அவர் உடுத்திய சட்டை, ஜீன்ஸ், அவர் வைத்திருந்த பொம்மைகூட அதில் தைக்கப்படுவதுண்டு. ஊசி பிடித்துப் பழகாத கைகளும் தைத்தன. கோணல் தையலுக்கும் அங்கே இடமுண்டு. எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம்.

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் 1,920 துண்டுகள் முதன்முதலாக விரிக்கப்பட்டு, பெயர்கள் உரக்க வாசிக்கப்பட்டன. பலருக்கு இறுதிச் சடங்குகூட மறுக்கப்பட்ட காலம் அது. இந்தத் துணியே அவர்களுக்குக் கல்லறையானது. முழுப் போர்வையும் அத்திடலில் கடைசியாக ஒருசேர விரிக்கப்பட்டது 1996-இல்.