நுரைக்கும் பானமும் தோட்டத்து விழாக்களும்: பேராக் தமிழர் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்க்கையை ஆராய்ந்தோர் எவரும் குடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. கள்ளுக்கடையின் வருமானம், சம்பள நாளின் சண்டைகள், குடும்பங்களின் கடன், பிற்காலத்தில் சம்சு விளைத்த கேடு ஆகியவை பல நூல்களிலும் பட்டப்படிப்பு ஆய்வேடுகளிலும் இடம்பெற்றுள்ளன. அவர்கள் எழுதியதில் பிழை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அவ்வெழுத்துகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவருக்கு, தோட்டத் தமிழர் கூடிய இடங்களிலெல்லாம் கள் ஒன்றே பரிமாறப்பட்டது என்ற எண்ணம் உண்டாகிவிடுகிறது. அவ்வெண்ணம் பள்ளிப் பாடங்களிலும் மேடை நாடகங்களிலும்கூடப் புகுந்து, தோட்டத்துத் தந்தை என்றாலே தள்ளாடி வருபவர் என்ற வார்ப்பைத் தந்துவிட்டது. மாரியம்மன் திருவிழாவில் அண்டாக்களில் கரைத்து வைக்கப்பட்ட பானகமும், தண்ணீர்ப்பந்தலில் வழங்கப்பட்ட மோரும் எலுமிச்சை நீரும், பின்னர்த் திருமண வீடுகளுக்கு வந்த சோடாப் போத்தல்களும் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளைத் தாண்டி இடம்பெறவில்லை. ஏன் இடம்பெறவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களும் ஈப்போ நகரும் இவ்வாய்வின் களமாகும்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கோடை என்று தமிழ்நாட்டார் வழங்கும் பருவம் பேராக்கில் இல்லை. ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே உள்ளது. எனினும் பங்குனி, சித்திரை மாதங்களில் குளிர்ந்த பானம் வழங்கும் வழக்கம் கடல் கடந்து வந்தவர்களோடு நாட்காட்டியின் வழியே வந்து சேர்ந்தது. இராமநவமியும் சித்திராப் பௌர்ணமியும் வெயிலை நோக்கி வகுக்கப்பட்ட விழாக்கள் போலவே இங்கும் கொண்டாடப்பட்டன. இம்மண்ணுக்குரிய வேறொரு பருவமும் தோட்டத்தில் இருந்தது. ஆண்டின் முதல் மாதங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும், பால் குறையும், பால்மரம் வெட்டுவோரின் கூலியும் குறையும். கையில் காசு குறைந்த அம்மாதங்களை ஒட்டியே பங்குனி, சித்திரை விழாக்கள் வந்தன. ஆகவே விழாவின் பானம் மலிவானதாகவும் எல்லார்க்கும் போதுமானதாகவும் இருக்கவேண்டியதாயிற்று.

பழந்தமிழ் மரபில் இனிய பானம்

கூடிக் களிக்கும் இடத்தில் பழச்சாறுகளைக் கலந்து பருகும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மாங்குடி கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய புறநானூற்று 24ஆம் பாடலில், பனங்குரும்பையின் நீர், கரும்பின் சாறு, தென்னையின் இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாய்க் கலந்து பருகிவிட்டுக் கடலில் பாயும் நெய்தல் நில மக்களைக் காண்கிறோம். கலந்த மூன்று நீருக்கும் கடலுக்கும் முந்நீர் என்ற ஒரே சொல்லைப் புலவர் ஆள்வது தமிழாசிரியர்கள் நன்கறிந்த நயம். இங்குக் கருதத்தக்க செய்தி வேறு. அதே பாடலில் மட்டு என்னும் மதுவை அருந்திக் குரவை ஆடுவோரும் இருக்கின்றனர். மதுவும் இனிய நீரும் ஒரே கடற்கரையில், ஒரே களிப்பில் பக்கத்திற் பக்கம் நிற்கின்றன. பெரும்பாணாற்றுப்படையும் வலைஞர் குடிலில் முளைநெல்லைக் கொண்டு மதுவடிக்கும் முறையை, இரு பகலும் இரு இரவும் ஊறவைக்கும் கால அளவு உட்பட விளக்குகின்றது. பானம் செய்யும் முறை பாட்டில் வைக்கத்தக்க பொருளென்று சங்கப் புலவர்கள் கருதினர். தோட்டப்புற வரலாற்றை எழுதியோர் அவ்வாறு கருதவில்லை.

கள்ளின் இயல்பு

தென்னம்பாளையைச் சீவி வடிக்கும் சாறு இறக்கியவுடன் இனிப்பாயிருக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் அதன் சர்க்கரையை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. நுரையும் சுறுசுறுப்பும் அவ்வாயுவால் வருபவை. வெப்ப நாட்டில் இது சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடும். மேலும் வைத்தால் சாறு புளித்துக் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டு, தமிழ்நாட்டில் பதநீர் எனப்படும் இனிப்பு நீர் கிடைக்கும். அதே சாற்றை உடனே காய்ச்சினால் மலாய்க்காரர் குலா மலாக்கா என்று வழங்கும் கருப்பட்டி கிடைக்கும். வெல்லம் கிடைக்காத வேளையில் பானகத்திற்கு அதுவே எளிதில் கைக்கு எட்டியது. ஒரே பாளையின் சாறு ஒரு வழியில் கள்ளுக்கடைக்கும் மறுவழியில் கோயில் அண்டாவுக்கும் சென்றதென்பது இப்பொருளை ஆராய்வோர் மறக்கக்கூடாத ஒன்று.

கள்ளின் இவ்வியல்பு அதன் சமூக வரலாற்றையும் ஓரளவு தீர்மானித்தது. நுரைத்துக்கொண்டிருக்கும் கள்ளை அடைத்து வைத்தல் இயலாது. அடைத்தால் கலம் வெடிக்கும். நெடுந்தொலைவு கொண்டுசெல்வதும் கடினம். அன்றன்று இறக்கி அன்றன்றே தீர்க்கவேண்டிய பானம் அது. எனவே குடிப்போர் பானத்தை நாடி ஓரிடத்திற்கு வரவேண்டியிருந்தது. பாகான் டத்தோ போன்ற கீழ்ப் பேராக் பகுதிகளில் தென்னையே பெரும்பயிராயிருந்தது. இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கென்றே சில தென்னைகள் விடப்பட்டன. தோட்டத்திற்குள் நிர்வாகமே உரிமம் பெற்றுக் கடை நடத்திய முறை தொழிலாளர் கொடுத்த கூலியின் ஒரு பகுதியை மீண்டும் தோட்டத்திற்குள்ளேயே திருப்பியது. இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்படும் என்பது நிர்வாகத்தார் கூறிய நியாயம். தொழிலாளியைக் குடிக்கவைத்து அவன் காசிலேயே அவனுக்குப் பந்து வாங்கிக் கொடுக்கும் நியாயம் என்று அதனைக் கூறினால் மிகையாகாது. கடை ஆண்களின் இடமாகவே பெரிதும் இருந்தது. பெண்கள் கள் அருந்தியதில்லை என்று கூறமுடியாது; ஆனால் கடை வாயிலில் கூடிய கூட்டம் ஆண்களின் கூட்டம்.

எதிர்ப்பும் அதன் எல்லையும்

1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தபோது, ஈப்போவில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் கூட்டிய தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளிறக்க இடங்கொடாமல் தம் தோப்புத் தென்னைகளை வெட்டியவர் என்ற புகழ் அவருக்கு முன்னமே இருந்தது. (மதுவிலக்குச் சட்டங்கள் பற்றி அவர் பின்னாளில் வேறு கருத்துக் கொண்டார் என்பது தனியே ஆராயத்தக்கது.) அவ்வருகைக்குப் பின் வலுப்பெற்ற சீர்திருத்தச் சங்கங்கள் குடியைக் கண்டித்தன, அதே மூச்சில் தீமிதியையும் காவடியையும் கண்டித்தன.

மதுவெதிர்ப்பு தொழிற்போராட்டமாக வடிவெடுத்தது பேராக்கிற்குத் தெற்கிலும் வடக்கிலும் ஆகும். 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நடக்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்ற கோரிக்கையும் அதே பட்டியலில் இருந்தது. கள்ளுக்கடையை அவர்கள் உடல்நலக் கேடாக மட்டுமன்றி மானக்கேடாகவும் கண்டனர் என்பது இதனால் தெளிவாகும். போருக்குப் பின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை முதன்மைப் பணியாகக் கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெடோங் வட்டாரத்தில் அம்மறியல் காவல்துறையுடன் மோதலாக மாறி, தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

இவ்வியக்கங்களின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் ஒரு குறை உண்டு. கடையை மூடச் சொன்னவர்கள், மாலையில் களைத்து வந்தவன் நண்பரோடு அமர்ந்து எதனைப் பருகுவது என்ற வினாவுக்கு விடை தேடியதாகத் தெரியவில்லை. சீர்திருத்தச் சங்கத்தாரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. பானகம் இலவசமாய்க் கிடைத்த ஒரே இடமான திருவிழாவையே அவர்கள் மூடநம்பிக்கை என ஒதுக்கினர். அவர்தம் கூட்டங்களில் தேநீர் விருந்து நடந்தது. மேடையில் பேச்சாளருக்குச் சோடா வந்தது. தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் பேச்சாளரின் சோடாப் போத்தல் ஒரு நகைச்சுவைப் பொருளாகவே ஆகிவிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

போத்தலில் அடைபட்ட நுரை

சோடாவின் வரலாறும் மதுவடிக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1767 முதல் மதுவாலை ஒன்றின் அருகில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் தேங்கி நின்ற வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். 1772இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். கள்ளுக்கு நுரை தந்த அதே வாயு மதுவிலிருந்து பிரிந்து வெறுநீருக்கு வந்தது. 1872இல் ஹைரம் காட் என்பவர் கோலிக்குண்டினால் வாயடைக்கும் போத்தலுக்கு உரிமை பெற்றார். தமிழ்நாட்டில் கோலி சோடா என்று வழங்குவது இதுவே. 1883இல் ஜான் பிரேசரும் டேவிட் நீவும் சிங்கப்பூரில் சோடா நீர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1898இல் அது பிரேசர் அண்ட் நீவ் என்ற பெயர் பெற்றது. தொடக்கத்தில் துரைமார் விஸ்கியில் கலந்துகொள்ளும் பொருளாக இருந்த சோடா, இனிப்பும் பழமணமும் ஏறி மற்றவர்களிடம் வந்தது.

கள்ளால் இயலாத ஒன்று சோடாவால் இயன்றது. அதன் நுரை பயணம் செய்தது. ஈப்போவிலிருந்து மரப்பெட்டியில் ஏறி, தோட்டத்து மளிகைக் கடைக்கும் அங்கிருந்து லயத்து வாசலுக்கும் அது வந்தது. கடைக்குப் போகாத பெண்களும் சிறுவரும் நுரைக்கும் பானத்தை வீட்டிலேயே சுவைத்தனர். தீபாவளிக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்குவதும், வந்தவர்க்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பதும், வெறும்போத்தல்களை எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுப்பதும் ஒரு தலைமுறையினரின் பொது நினைவாக உள்ளன. சோடாவோடு சிறிய எலுமிச்சையின் சாறு, சர்க்கரைப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் நசுக்கிய இஞ்சி ஆகியவற்றைச் சேர்ப்பது கைப்பழக்கமாயிற்று. சாறும் பாகும் முதலில் நன்கு கலந்த பின்னரே சோடாவை ஊற்றவேண்டும். மாற்றிச் செய்தால் நுரை பொங்கி வாயு போய்விடும். சுவையால் நோக்கின் இஃது எலுமிச்சையும் சுக்கும் சேர்ந்த பானகத்தின் வழித்தோன்றலே. வெல்லம் சர்க்கரையாகவும், சுக்கு பச்சை இஞ்சியாகவும் மாறின.

பானகமும் ஆவணமும்

பானகத்தின் செய்முறையை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, சுக்கும் ஏலமும் பொடித்திடுவது எல்லாரும் அறிந்ததே. ஒரு செய்தி மட்டும் குறிப்பிடத்தக்கது. பேராக்கின் வெப்பத்தில் இதனை ஒரு நாளுக்குமேல் வைத்தால் தானே நுரைக்கத் தொடங்கும். ஆகவே பானகமும் கள்ளைப் போலவே அன்றன்று தீர்க்கவேண்டிய பானம். அதுவும் மக்களை ஓரிடத்தில் கூட்டியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுவையில் மட்டுமன்று. கள் விற்கப்பட்டது. விற்பனைக்கு உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும், அதிகாரி வரவேண்டும், வழக்குப் பதியவேண்டும். இவை யாவும் தாள்களாயின; தாள்கள் ஆவணக் காப்பகம் சென்றன; ஆய்வாளர் அங்கே சென்று கள்ளைக் கண்டனர். பானகம் கொடுக்கப்பட்டது. கோயில் வரிப்பணத்தில் வெல்லம் வாங்கிய செலவு தண்டலின் சிட்டையில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கலாம். சிட்டை கரையான் வாய்ப்பட்டிருக்கும். கொடுத்தவரும் வாங்கியவரும் எழுதிவைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

குடித்துக் கெட்ட தொழிலாளி ஆவணத்தில் இருக்கிறார். அதே நாளில் அண்டாவில் வெல்லம் கரைத்த அவர் மனைவி அதில் இல்லை. ஆவணத்தின் அளவை வாழ்க்கையின் அளவாகக் கொண்டதே நம் வரலாற்றெழுத்தின் பிழை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கள்ளின் கேட்டைக் குறைத்துச் சொல்லவேண்டும் என்பது இதன் பொருளன்று.

இக்குறையை நீக்கும் காலம் நீண்டிருக்கவில்லை. தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர் தொழிலாளரையே தோட்டத்தின் பங்குதாரர் ஆக்க முயன்றார். ஆயினும் இரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புக்கும் இடம்விட்டபோது பேராக்கின் பல லயங்கள் மறைந்தன. அவற்றில் வாழ்ந்தோர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தனர். தோட்டக் கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தண்ணீர்ப்பந்தல் மறையவில்லை. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்திற்குச் செல்லும் வழியில் மோரும் சிராப்பும், தாள்பெட்டியில் அடைத்த பானங்களும் வழங்கப்படுகின்றன. அண்டாவில் கரைத்த பானகம் அவற்றினிடையே அருகி வருகின்றது.

தோட்டத்து அண்டாவுக்கு எத்தனை கட்டி வெல்லம், எந்தத் தகரக் குவளையால் நீர் அளந்தனர், புளியா எலுமிச்சையா, கரைத்தவர் எந்த லயத்தார், எல்லாச் சாதியாரும் ஒரே அண்டாவில் அருந்தினரா, கள்ளுக்கடை திறந்திருந்த நாளில் பந்தலும் இருந்ததா ஆகிய வினாக்களுக்கு விடை கூறவல்ல முதியோர் இன்றும் சிலர் உள்ளனர். இவற்றுள் சாதி பற்றிய வினாவே கேட்பதற்குக் கடினமானது. முதலில் கேட்கவேண்டியதும் அதுவே. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை அவர்தம் பாட்டியாரிடம் அனுப்பி இவ்வினாக்களைக் கேட்டு எழுதிவரச் செய்வதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு பள்ளி விடுமுறையும் போதும்.