எஸ்ரா வளர்த்த மகள்

திப்பு சுல்தானிடம் சிறைப்பட்ட கம்பெனிச் சிப்பாய்களின் கதை மைசூருக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டாம் மைசூர்ப் போரில் அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர், கொங்கணக் கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதர். குர்ஆனில் வரும் இஸ்ரவேலரா இவர்கள் என்று வியந்து, திப்புவின் தாயே பரிந்து பேசிக் காப்பாற்றினார் என்று அந்தச் சமூகத்தார் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஊர் திரும்பிய திவேகர் 1796இல் பம்பாயில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார். அங்கிருக்கும் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது அந்த யூத ஆலயம்தான் என்பார்கள்.

நூறாண்டு கழித்து அதே பம்பாயில் பார்சி நாடகக் கம்பெனிகள் கொடி கட்டிப் பறந்தன. மைசூர் மேடையும் சென்னை மேடையும் படுதாவையும் தந்திரக் காட்சிகளையும் அவர்களிடம் கற்றுக்கொண்டவை. அந்தக் கம்பெனிகளுக்கு எழுதிய ஜோசப் டேவிட்டும் ஒரு பெனே இஸ்ரேல்காரர். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ (1931) அவருடைய நாடகம்தான். ஆனால் அது ராஜா ராணிக் கதை. யூதக் கதை நம் திரைக்கு வந்தது பாரிஸிலிருந்து.

1835 பிப்ரவரியில் பாரிஸில் ‘லா ஜுயிவ்’ என்ற ஓபரா அரங்கேறியது. எழுதியவர் ஸ்க்ரீப், இசை ஆலேவி. ஆலேவி யூதர், பஸ்கா விருந்தை மேடையிலேயே பாட வைத்தார். கதை 1414இல் கான்ஸ்டன்ஸ் நகரில் நடக்கிறது. எலியாசர் என்ற யூதப் பொற்கொல்லர் வளர்த்த மகள் ராஷேல். கிறித்தவ இளவரசன் ஒருவன் யூதனாக வேடமிட்டு அவளைக் காதலிக்கிறான். குட்டு உடைகிறது. மதம் கடந்த காதலுக்குக் கொதிகொப்பரைதான் தண்டனை. அவள் அதில் விழும் கணத்தில் எலியாசர் அங்கிருக்கும் கிறித்தவக் குருவான கார்டினலைப் பார்த்து, அவள் உன் பெண்தான் என்கிறார்.

அதே ஆண்டு மான்க்ரீஃப் என்பவர் லண்டன் மேடைக்காக அதை ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிட்டார். அக்காலத்தில் வெற்றி பெற்ற நாடகம் எதுவும் ஒரே ஊரில் தங்கியதில்லை. 1910களில் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி அதை உருதுக்குக் கொண்டுவந்தபோது துணிந்து ஒரு வேலை செய்தார். கான்ஸ்டன்ஸை ரோமாபுரியாக்கினார், கார்டினல் இருந்த இடத்தில் புரூட்டஸை வைத்தார். எலியாசர் எஸ்ரா ஆனார். வெள்ளைக்காரர் ஆட்சியில் கிறித்தவக் குருவைக் கொடியவராகக் காட்டுவதில் சங்கடம் இருந்திருக்கும். ஆனால் அந்நியப் பேரரசின் காலடியில் கிடக்கும் ஒரு சமூகத்தின் குமுறல் நம் ரசிகர்களுக்கு ரோமாபுரி வழியாகத்தான் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘யஹூதி கி லட்கி’ ஊர் ஊராக ஓடியது.

1933இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியது. இளவரசன் மார்க்கஸாக சைகல். 1957இல் மதுபாலா நடித்து அதே பெயரில் இன்னொரு படம். அடுத்த ஆண்டே பிமல் ராயின் ‘யஹூதி’. திலீப் குமார், மீனா குமாரி என்று பெரிய நட்சத்திரங்கள் இருந்தும் படத்தைத் தூக்கி நிறுத்தியவர் எஸ்ராவாக வந்த சோரப் மோடிதான். மகனை ரோமர்களிடம் இழந்த கிழவர், எதிரியின் மகளையே நெஞ்சோடு அணைத்து வளர்த்தவர். கொப்பரையின் முன் அவர் நிற்கும்போது அந்தக் குரல் ஆயிரம் பேர் கொண்ட கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பேசுகிறது. பார்சி மேடையில் பழகிய குரல் அல்லவா! இந்தப் படத்தில் முகேஷ் பாடிய பாட்டுக்காக ஷைலேந்திரா முதல் ஃபிலிம்ஃபேர் பாடலாசிரியர் விருதைப் பெற்றார்.

மோடி பார்சி, மீனா குமாரி முஸ்லிம், பிமல் ராய் வங்காளி இந்து. அசல் யூதர்களோ வேறு படங்களில் இருந்தார்கள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ் ‘சுலோசனா’வாகி மௌனப்பட ராணியானார். ஃப்ளோரன்ஸ் எசக்கியேல் ‘நாதிரா’வாகி ‘ஆன்’ படத்தில் ராஜபுத்திர இளவரசியாக வந்தார். தங்கள் பெயரையும் தங்கள் கதையையும் அவர்கள் திரைக்கு வெளியே விட்டுவரவேண்டியிருந்தது. 2017இல் வந்த ‘ஷலோம் பாலிவுட்’ ஆவணப்படம்தான் இதையெல்லாம் விரிவாகச் சொன்னது. அறுபது வருடத் தாமதம் எனக்கு வருத்தம்தான்.

அதே 2017இல் மலையாளத்தில் ‘எஸ்ரா’ வந்தது. அமெரிக்கர் ஒருவர் 2003இல் இணைய ஏலத்துக்கு விட்ட ‘பேய்ப் பெட்டி’யின் கதை ஹாலிவுட் வழியாகக் கொச்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. 2021இல் அந்த மனிதரே அது தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் படம் இந்தியில் ‘டிபுக்’ ஆகிக்கொண்டிருந்தது. பெட்டி புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சரக்கு: கிறித்தவப் பெண்ணைக் காதலித்த யூத இளைஞன், மகனைப் பறிகொடுத்துப் பழிவாங்கக் கிளம்பும் தகப்பன்.