பழைய மலை வீடுகளின் சிம்னி: உச்சியில் விரிசல் விட்டால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்வது?

சிம்னி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் கிச்சன் சிம்னிதான். இது அதைப் பற்றியது அல்ல. சிம்லா, முசோரி, டார்ஜிலிங், ஊட்டி, குன்னூர் போன்ற மலை ஊர்களில் பிரிட்டிஷ் காலத்து வீடுகளின் கூரைக்கு மேலே ஒரு செங்கல் தூண் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் புகைபோக்கியைப் பற்றியது.

'அதெல்லாம் பங்களா வைத்திருப்பவர்கள் கவலை, எனக்கென்ன?' என்று தோன்றலாம். ஆனால் இன்று இந்த வீடுகளில் பல ஹோம்ஸ்டேக்களாக மாறிவிட்டன. சில, மாதக்கணக்கில் தங்கி லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்குப் போகின்றன. 'ஃபயர்பிளேஸ் உள்ள அறை' என்று பார்த்து புக் செய்பவர் நீங்களாகவும் இருக்கலாம். சிம்னியின் உச்சி கெட்டுப்போனால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, வீடு மெதுவாக ஊறிக் கெடும். இரண்டாவது, வழி அடைபட்டால், புகை போக வேண்டிய இடத்தை விட்டு அறைக்குள் திரும்பும். முதலாவதால் பணம் போகும். இரண்டாவதால் உயிரே போகலாம்.

உச்சியில் என்னதான் இருக்கிறது?

இரண்டே பொருட்கள். முதலாவது 'கிரவுன்'. செங்கல் தூணின் தலையை மூடி, நடுவில் புகைக்குழாய்க்கு மட்டும் துளை விட்டுப் போடப்படும் கான்கிரீட் அல்லது காரைத் தளம் இது. நடுவில் உயர்ந்து, ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாணி வீடுகளில் இதே இடத்தில் சுட்ட மண் குழல் ஒன்று நிற்கும். அதைச் சுற்றி அணைத்தாற்போல் சரிவாகக் காரை பூசியிருப்பார்கள். வேலை ஒன்றுதான்: செங்கல் மேல் விழும் மழையை வெளியே தள்ளுவது.

இரண்டாவது மூடி. இது புகைக்குழாயின் வாய்க்கு மேலே, நான்கு பக்கமும் திறப்பு விட்டு நிற்கும் சின்னக் கூரை. மழை நேராக உள்ளே விழாமல் தடுக்கும். பக்கங்களில் கம்பிவலை இருந்தால் பறவைக் கூடு, குரங்கு, காய்ந்த இலை உள்ளே வராது. தீப்பொறி வெளியே பறக்காது. தேவதாரு, பைன் மரங்கள் சூழ்ந்த, மரவேலைப்பாடு அதிகமுள்ள சிம்லா வீடுகளுக்கு இந்தக் கடைசிப் பயன் சாதாரணமானது அல்ல.

எவ்வளவு தண்ணீர் விழும்?

கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். சிம்னியின் தலை 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.6 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை என்றால் அதன் மேல் விழுவது 900 லிட்டர். (சென்னையின் ஆண்டு சராசரியே சுமார் 1,400 மி.மீ. என்பதால், மலை ஊருக்கு இது மிகையான எண் அல்ல.)

புகைக்குழாயின் வாய் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. என்றால், மூடி இல்லாத வீட்டில் 135 லிட்டர் நேராக உள்ளே இறங்கும். நாம் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் கிட்டத்தட்ட 7 கேன். மீதி 765 லிட்டர், அதாவது 38 கேன், கிரவுன் மேல் விழும். கிரவுன் நன்றாக இருந்தால் அது வழிந்து ஓடிவிடும். விரிசல் விட்டிருந்தால் அதில் ஒரு பங்கு ஒவ்வொரு மழைக்கும் செங்கலுக்குள் போகும்.

போனால் என்ன?

செங்கல், காரை இரண்டும் தண்ணீரை உறிஞ்சும். சிம்லா, முசோரி மாதிரி குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊர்களில் அந்தத் தண்ணீர் உறையும். உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9% கூடும். முடி அளவு விரிசலுக்குள் அந்த 9% ஒரு ஆப்பு மாதிரி வேலை செய்யும். பகலில் உருகும், இரவில் மறுபடி உறையும். இப்படியே சில குளிர்காலங்கள் போனால் செங்கலின் முகம் தகடு தகடாக உரிந்து விழும்.

நீலகிரியில் பனி அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அங்கே கை வைக்கும். காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அங்கே வில்லன் உறைபனியைவிட ஈரம்தான்: சுவரில் உப்பு பூக்கும், பாசி பிடிக்கும், கூரையின் மர உத்திரம் உளுத்துப்போகும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாது. புகைக்குழாயின் உள்சுவரில் படிந்த கரியோடு மழைநீர் சேர்ந்தால் அமிலத் தன்மை உள்ள கலவை உருவாகும். அது உள்ளேயிருந்து காரையை அரிக்கும். மழைக்காலத்தில் கணப்பு அருகே பழைய சாம்பல் நாற்றம் அடித்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

கூரையில் ஏறாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்று: நீங்கள் ஏறாதீர்கள். சரிவான தகரக் கூரை, பாசி, காற்று மூன்றும் சேர்ந்த இடம் அது. மலை ஊரில் ஒரு வசதி உண்டு. மேல் ரோட்டில் நின்றால் கீழ் வீட்டின் கூரை கண்ணுக்கு நேரே தெரியும். அங்கிருந்து போனில் ஜூம் செய்து படம் எடுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

- கிரவுனில் கோடு கோடாக விரிசல், உடைந்த ஓரம், முளைத்த செடி இருக்கிறதா?
- மூடி சாய்ந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, இல்லவே இல்லையா?
- சிம்னியின் மேல் வரிசைச் செங்கற்களில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா?
- வீட்டுக்குள், கணப்புக்கு மேலே உள்ள சுவரிலோ கூரையிலோ பழுப்பு வளையம் இருக்கிறதா?
- கணப்பில் செங்கல் துண்டு, காரைத் தூள், குச்சிகள் விழுந்து கிடக்கின்றனவா?

ஒரு எச்சரிக்கை. சிம்னியும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அது பிரிந்தாலும் இதே மாதிரிதான் ஒழுகும். ஆகவே 'கிரவுன்தான் காரணம்' என்று முடிவு செய்யும் முன் அந்தத் தகட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேலே செலவு செய்த பிறகும் கீழே ஒழுகும்.

பூசினால் போதுமா, புதிதாகப் போட வேண்டுமா?

இதை விரிசல்தான் முடிவு செய்யும்.

முடி அளவு விரிசல், தளம் உறுதி: தளத்தை நன்றாகச் சுத்தம் செய்து, காயவிட்டு, வெளிச்சுவருக்கான நெகிழும் தன்மையுள்ள வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் போதும். வெறும் சிமென்ட் பால் ஊற்றுவது பலன் தராது. அது இறுகிவிடும், ஆனால் சிம்னி வெயிலிலும் நெருப்பிலும் விரிந்து சுருங்கும். அடுத்த பருவத்திலேயே அதே இடத்தில் கோடு விழும்.

துண்டு துண்டாக உடைந்திருக்கிறது, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது: பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. கொத்தனாரிடம் கேட்க வேண்டியவை இவை:

- மிக மெல்லிய இடத்திலும் 2 அங்குலத்துக்குக் குறையாத கனம். உள்ளே கம்பி அல்லது வலை.
- செங்கலைத் தாண்டி 2 அங்குலமாவது வெளியே நீட்டம். அதன் அடியில் ஒரு காடி. நம் வீட்டு சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டிப்போக விடுவார்களே, அதேதான்.
- புகைக்குழாயைச் சுற்றி ஒரு சிறு இடைவெளி. அதில் வெப்பம் தாங்கும் சீலண்ட். குழாய் சூடேறி விரியும்போது கிரவுனை உடைக்காமல் இருக்க இது வேண்டும்.
- கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் க்யூரிங்.

கிரவுனுக்குக் கீழே செங்கற்களே ஆடினால் கதை வேறு. கூரைக்கு மேல் உள்ள பகுதியை இறக்கித் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். இமயமலை நிலநடுக்கப் பகுதி. 1905-ல் காங்க்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். கம்பி இல்லாமல் உயரமாக நிற்கும் பழைய சிம்னி, குலுங்கும்போது முதலில் விழக்கூடியவற்றில் ஒன்று. அது விழுவது கூரை மேல், கூரைக்குக் கீழே ஆட்கள். அப்படியான நிலையில் கொத்தனாரோடு ஒரு கட்டுமானப் பொறியாளரும் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பா, சிமென்டா?

பழைய வீட்டில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 19-ம் நூற்றாண்டு வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்புக் காரை செங்கலைவிட மென்மையானது; உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் கடினமானது, ஈரத்தை அவ்வளவு எளிதில் விடாது. பழைய செங்கலின் இடுக்குகளை சிமென்டால் நிரப்பினால், ஈரம் வெளியேற வேறு வழி இல்லாமல் செங்கல் வழியாகவே போகும். கடைசியில் காரை அப்படியே நிற்கும், செங்கல் உதிரும்.

அதனால் இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு. மேலே கிரவுன் கான்கிரீட்டாக இருக்கலாம். ஆனால் அதற்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு பிரிப்புத் தாள் விரித்துப் போடச் சொல்லுங்கள். அப்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே விரிந்து சுருங்கும். செங்கல் மேல் பளபளப்பான வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்க யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதுவும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

மூடி செய்யக் கொடுக்கும்போது

உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே செய்யலாம். ஜி.ஐ. தகடு மலிவு, ஆனால் மழையிலும் அமிலப் புகையிலும் துருப்பிடிக்கும். துருநீர் கிரவுனில் வழிந்து கறையாகும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம், ஆயுளும் அதிகம்.

உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 30 x 30 செ.மீ. வாயின் பரப்பு 900 சதுர செ.மீ. அதைச் சுற்றியுள்ள நான்கு பக்கங்களின் நீளம் 120 செ.மீ. ஆக, மூடி 7.5 செ.மீ. உயரத்தில் நின்றால்தான் பக்கத் திறப்பு வாயின் பரப்புக்குச் சமமாகும். வலையும் கரியும் கொஞ்சம் இடத்தை அடைக்கும். எனவே இரண்டு மடங்காக, 15 செ.மீ. இருப்பது பாதுகாப்பு.

வலையின் கண் சுமார் அரை அங்குலம் இருக்கட்டும். கொசுவலை மாதிரி நெருக்கமாக வைத்தால் ஒரே குளிர்காலத்தில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். குரங்குகள் உள்ள ஊர் என்றால் கம்பியால் கட்டி வைக்கும் மூடி நிற்காது. திருகி இறுக்க வேண்டும். அதே நேரம் சுத்தம் செய்யக் கழற்றவும் முடிய வேண்டும்.

பயன்படுத்தாத சிம்னியை அடைத்துவிடலாமா?

முழுதாக அடைக்காதீர்கள். காற்று ஓடாத புகைக்குழாயில் ஈரம் தங்கி, சுவர் ஓதம் காக்கும். மேலே மழை புகாத, காற்று புகும் மூடி. கீழே ஒரு சின்னக் காற்றுத் துளை. இது போதும்.

இதைவிட ஆபத்து, கோணிப்பையோ தகரமோ வைத்து அடைத்ததை மறந்துவிடுவது. பராமரிப்பாளர் மாறுவார், வீடு கைமாறும். புதிதாக வந்த விருந்தினர் கீழே விறகைப் பற்ற வைப்பார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி வட இந்தியாவிலிருந்து குளிர்காலம்தோறும் வருகிறது. அடைபட்ட சிம்னியுள்ள அறையும் அதே மூடிய அறைதான். எனவே அடைத்திருந்தால் கணப்பின் மேலேயே 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி வையுங்கள்.

நீங்கள் விருந்தினர் என்றால்?

பற்ற வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சிம்னியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? மேலே மூடி இருக்கிறதா? இந்த சீசனில் இதே அறையில் தீ மூட்டியிருக்கிறார்களா? பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை மட்டும் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே போகாமல் அறைக்குள் வந்தால், விறகு வைக்கவே வேண்டாம். தூங்கும் முன் தீ முழுவதும் அணைந்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, பையில் வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஸ்மோக் அலாரம் இந்த வாயுவைக் காட்டாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் 'மலை ஏறினது ஒத்துக்கலை' என்று படுத்துவிடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து 112-ஐ அழையுங்கள்.

உரிமையாளர் என்றால் எப்போது, எந்த வரிசையில்?

இமயமலை ஊர்களில் ஏப்ரல்-மே, அல்லது மழை விட்டு உறைபனி தொடங்கும் முன் அக்டோபர். நீலகிரியில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. இரவில் உறையும் நாட்களில் சுண்ணாம்போ கான்கிரீட்டோ போடக் கூடாது.

வரிசை இது: முதலில் புகைக்குழாயைச் சுத்தம் செய்து உள்ளே பார்ப்பது, பிறகு செங்கல் இடுக்குகள், அடுத்து கிரவுன், கடைசியில் மூடி. எல்லாவற்றுக்கும் சாரம் கட்ட வேண்டும். சாரத்துக்கே தனிச் செலவு ஆகும் என்பதால் எல்லா வேலையையும் ஒரே தடவையில் முடிப்பது லாபம். பாரம்பரியப் பகுதியில் உள்ள கட்டடம் என்றால், வெளித்தோற்றத்தை மாற்றும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் மேலே ஏறியவரிடமிருந்து முன்னும் பின்னும் எடுத்த படங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு மேல் ரோட்டில் நின்று பார்க்கும்போது எது புதிய விரிசல், எது பழையது என்று அவை சொல்லும்.