பெட்டியை யார் எண்ணுவது?

ஓட்டுரிமை வாங்கிவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லித்தான் சனங்களை ஏமாற்றுகிறார்கள். பட்டியலை எழுதுவது யார், சீட்டை எண்ணுவது யார் என்று கேட்டால் பதில் வராது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

கேட்கக் காரணம் இருந்தது. நிறவெறி ஆட்சியில் தேர்தலை நடத்தியதே அரசின் உள்துறைதான். அந்த அரசின் காகிதம் 1986 வரை கறுப்பர் கையில் பாஸ் புத்தகமாக இருந்தது. அது இல்லாமல் வெள்ளையர் நகரத்தில் நின்றால் ஜெயில். பிறந்த மண்ணிலேயே அவர்களை அந்நியராக்கி, ‘தாயகம்’ என்று பேர் வைத்த துண்டு நிலங்களின் குடிகள் என்று எழுதிவைத்தார்கள். 1983 அரசியல் சட்டம் கலப்பினத்தாருக்கும், தமிழ்ச் சனங்களும் அடங்கிய இந்தியருக்கும் தனித்தனி சபை கொடுத்தது. பெரும்பான்மைக் கறுப்பருக்கு ஒன்றுமில்லை. 1984இல் இந்தியரில் பெரும்பாலோர் அந்தச் சபைக்கு ஓட்டுப் போடப் போகவே இல்லை. வீசுவது எலும்புத்துண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பேச்சுவார்த்தையில் தேர்தலை அரசின் கையிலிருந்து பிடுங்கினார்கள். 1993 கடைசியில் சுதந்திரத் தேர்தல் ஆணையம் வந்தது. தலைவர் யோஹான் க்ரீக்ளர், வெள்ளை நீதிபதி. துணைத் தலைவர் டிக்காங் மொசெனெக்கே, பதினைந்து வயதில் கைதாகிப் பத்து வருஷம் சிறையில் கிடந்த கறுப்பர்.

அவர்களுக்கு இருந்தது நாலு மாசம். வாக்காளர் பட்டியலே கிடையாது. அடையாள அட்டை இல்லாதவங்களுக்குத் தற்காலிக அட்டை கொடுத்து, விரலில் கண்ணுக்குத் தெரியாத மை தடவி, தனி விளக்கில் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார்கள். புத்தலேசியின் இன்காதா கட்சி, ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஏப்ரல் 19இல்தான் “நாங்களும் வர்றோம்” என்றது. சீட்டு அதற்குள் அச்சாகிவிட்டது. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அந்தக் கட்சிக்காக ஒரு துண்டுத்தாளை ஒட்டினார்கள். பல இடங்களில் சீட்டு வந்து சேரவில்லை, வரிசை மைல் கணக்கில் நின்றது. சில தாயகப் பகுதிகளில் ஒரு நாள் கூட்ட வேண்டியிருந்தது. 1 கோடியே 97 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

எண்ணும்போது எவனோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து மூன்று கட்சிகளின் கணக்கை ஏற்றிவிட்டான். கண்டுபிடித்து, காகிதக் கணக்குக்கே திரும்பினார்கள். குவாசூலு நட்டால் கணக்கில் தகராறு இருந்தது. குறை எல்லாவற்றோடும், மே 6இல் ஆணையம் முடிவை ஏற்றது.

1996 அரசியல் சட்டத்தில் ஆணையம் நிரந்தரமானது. உறுப்பினர் ஐந்து பேர், அதில் ஒருவர் நீதிபதி. அரசியல் சட்ட நீதிமன்றத் தலைவரோடு மனித உரிமை ஆணையம், பாலினச் சமத்துவ ஆணையம் இவற்றின் பிரதிநிதிகளும் மக்கள் குறைதீர்ப்பாளரும் உட்கார்ந்து, குறைந்தது எட்டுப் பேர் கொண்ட பட்டியல் தயாரிப்பார்கள். அதிலிருந்து நாடாளுமன்றம் பொறுக்கும். அதிபர் நினைத்த ஆளைப் போட முடியாது.

ஆனால் பணப்பை அமைச்சர் கையில் இருந்தால் சுதந்திரம் எங்கே நிற்கும்? அரசோடு மோதி 1999 ஜனவரியில் க்ரீக்ளர் பதவி விலகினார். அந்த ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது: ஆணையம் தனக்கு வேண்டிய பணத்தை நாடாளுமன்றத்திடமே கேட்க வேண்டும், அமைச்சரின் தயவில் இருக்கக் கூடாது. அதே மாதம் ஆணையத்துக்கும் குட்டு விழுந்தது. கைதிகளின் ஓட்டைச் சட்டம் பறிக்காதபோது, அவர்கள் ஓட்டுப் போட ஏற்பாடு செய்யாதது தவறு என்று தீர்ப்பு வந்தது. 2013இல் ட்லோக்வே நகரில் நடந்த இடைத்தேர்தல்கள் நியாயமாக நடக்கவில்லை என்று 2015இல் மறுபடியும் நீதிமன்றம் சொன்னது. ஆணையத்தையும் யாராவது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தந்தச் சாவடியிலேயே எண்ணுகிறார்கள். கட்சி ஆட்கள் பார்த்திருக்க, முடிவுத்தாளில் கையெழுத்து வாங்கி, நகலைக் கதவில் ஒட்டுகிறார்கள். மேலே போகும் கணக்கு மாறினால் கதவுத்தாள் காட்டிக்கொடுக்கும்.

2024 மே 29 தேர்தலில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசுக்கு 40 சதவீதம்தான் கிடைத்தது. விடுதலை வாங்கிக்கொடுத்த கட்சி முப்பது வருஷத்தில் முதல் முறையாகப் பெரும்பான்மை இழந்தது. முடிவை அறிவிக்கக் கூடாது என்று முன்னாள் அதிபர் ஜூமாவின் புதுக்கட்சி தடுத்துப் பார்த்தது. ஆணையம் ஜூன் 2இல் அறிவித்தது. தோற்ற கட்சி ஏற்றுக்கொண்டு கூட்டணி பேசப் போனது. பாஸ் புத்தகம் சுமந்த சனங்க ஒரு காகிதத்தை நம்புவதற்கு இத்தனை காவல் தேவைப்பட்டது.